வருஷத்துக்கு ஒரு மிளகு

...அந்தக் கதவு என்னுது இல்ல தம்பி. இப்ப தட்டினியே, அதத்தான் சொல்றேன். உள்பக்கம் இருக்கிற பெயின்ட் என்னுது. வெளிப்பக்கம் இருக்கிற பெயின்ட் அவருது. நடுவுல இருக்கிற மரம் யாருதுன்னு கேட்டா, அதுவும் அவருதுதான். பச்சை பிடிக்கலன்னு நான் நீலம் அடிச்சிர முடியுமா? முடியாது. பெட்டிய அங்க வைக்காத, மாடிப்படி அவருது. உள்ள கொண்டா. இந்த மிதியடியத் தாண்டினா என் எல்லை.

உக்காரு. அந்த நாற்காலி வேணாம், கால் ஆடும். இதுல உக்காரு. டீ போட்டிருக்கேன். இஞ்சி கேக் இருக்கு, நேத்து செஞ்சது, கொஞ்சம் ஒட்டும், ஒட்டினாத்தான் நல்லாருக்கும். ரூமப் பாக்கலாம், ரூம் எங்க ஓடிப்போகுது? விளம்பரத்துல போட்ட மாதிரி கடல் தெரியும். ஜன்னல்ல கொஞ்சம் எக்கினா தெரியும்.

லீட்ஸ்லேர்ந்து வர்றியா? ஸ்கூல்ல கணக்கு சொல்லித்தரப் போறியா, நல்லது. எனக்கும் கணக்குக்கும் ஆகாது. என் வீட்டுக்காரரு வால்டர்தான் கணக்குப் புலி. அவரு இருந்தப்போ இந்த ஸ்கார்பரோ ஊர் முழுக்க "நோரீனும் நானும் வீடு வாங்கிட்டோம்"னு சொல்லிட்டுத் திரிஞ்சாரு. வீட்டயா வாங்கினோம்? வருஷத்த வாங்கினோம். தொண்ணூத்தொம்பது வருஷக் குத்தகை. அது முடிஞ்சா சுவர், தரை, குழாய் எல்லாம் திரும்ப டிண்டால் குடும்பத்துக்குப் போயிரும். நான் பதறிட்டேன். "அதுக்குள்ள நம்ம வருஷம் முடிஞ்சிரும் நோரீன், நீ கவலப்படாத"ன்னாரு. அவருது முடிஞ்சிருச்சு. குத்தகை இன்னும் ஓடிட்டிருக்கு.

டிண்டால் யாருன்னு கேக்க மாட்டியா? சரி, நானே சொல்றேன். ஆம்ப்ரோஸ் டிண்டால். இந்த வீடும் அது நிக்கிற மண்ணும் அவரு பாட்டன் சொத்து. அறுபது தாண்டின ஆளு, கல்யாணம் ஆகல, ஆகியிருந்தா அந்தம்மா எழுதி அனுமதி வாங்கித்தான் தும்மியிருக்கும். கறுப்புத் தொப்பி, கறுப்புக் குடை. ஞாயித்துக்கிழம சேப்பல்ல, அதான் எங்க சின்னச் சர்ச்சுல, முதல் வரிசை. அந்த மனுஷன் ஒரு விதி விடமாட்டாரு. ஞாயித்துக்கிழம துணி காயப்போடக் கூடாது. கோழி வளக்கக் கூடாது. தரைல கம்பளம் விரிக்கணும். சுவத்துல கைவைக்கக் கூடாது. எது செய்யணும்னாலும் எழுதிக் கேட்டு, அவரு எழுதிக் குடுத்தப்புறம்தான். சரி, அவரு பங்குக்கு நமக்கு என்ன தர்றாரு? நம்மள நிம்மதியா அனுபவிக்க விடுறாராம். சிரிக்காத, ஒப்பந்தத்துல அப்படித்தான் இருக்கு. 'நிம்மதியாக அனுபவிக்கலாம்.' கோழி இல்லாம, நீல பெயின்ட் இல்லாம, நிம்மதியா.

ஒரு தடவ ஜன்னலுக்கு வெளில ஒரு ஜெரேனியம் தொட்டி வெச்சேன். ஒரு செடி, தம்பி. சிவப்புப் பூ. வந்தாரு, குடையால காட்டினாரு. "மிஸஸ் ஸ்கேஃப், ஜன்னல் கண்ணாடி வரைக்கும் உங்களுது. அதுக்கு அந்தப்பக்கம் இருக்கிற கல் என்னுது. கீழ நடக்கிறவங்க தலைல விழுந்தா கேஸ் என் மேலதான் வரும்." எடுத்துட்டேன். அன்னைலேர்ந்து அவர எதுவும் கேக்கறதில்லன்னு முடிவு பண்ணிட்டேன். கேட்டாத்தானே இல்லம்பாரு.

எடுத்துக்கோ, இன்னொரு துண்டு எடுத்துக்கோ.

இப்ப கீழ்வீட்டுக்காரங்களப் பத்திச் சொல்லணும், நீ இங்க தங்கறதா இருந்தா அவங்கள தெரிஞ்சிருக்கணும். பாஷ்பி தம்பதி. சிரில் பாஷ்பி ரயில்வேல சிக்னல்காரரா இருந்து ரிடையர் ஆனவரு. சத்தமே வராத மனுஷன். அவரு சம்சாரம் வினிஃப்ரெட், நாங்க வினின்னுதான் கூப்பிடுவோம். அந்தம்மா இருக்காளே, முன்னல்லாம் எங்க சேப்பல்ல பாடினான்னா கடைசி வரிசைல தூங்கறவன்கூட எந்திரிப்பான். வாதம் வந்துச்சு. முதல்ல கைத்தடி, அப்புறம் சக்கர நாற்காலி. நாற்காலி வந்தப்போதான் தெரிஞ்சுது, அந்தப் படுக்கையறைக்கும் குளியலறைக்கும் நடுவுல இருக்கிற நடைல அது திரும்பாது. ஒரு சுவர் குறுக்க நிக்குது. சிரில் அவளத் தூக்கிட்டுப் போவாரு, தூக்கிட்டு வருவாரு. அவருக்கு முதுகு வலி. ஒரு நாள் ரெண்டு பேரும் சேந்து விழுந்துட்டாங்க. நான் மேலேர்ந்து சத்தம் கேட்டு ஓடினேன். வினி தரைல கெடந்துட்டு சிரிக்கிறா. சிரில் அழறாரு. நான் ரெண்டு பேரையும் பாத்துட்டு நிக்கிறேன்.

"அந்தச் சுவத்த எடுத்துரலாம் சிரில்"னேன்.

"டிண்டால்கிட்ட கேக்கணும்"னாரு.

"கேட்டா ஆகாதும்பாரு"ன்னேன். "ஒரு செடிக்கு அந்தப் பாடு படுத்தினவரு, சுவத்துக்கு சரின்னு சொல்லுவாரா? கேட்டு அவரு இல்லன்னு சொல்லிட்டா அப்புறம் செய்யவே முடியாது. கேக்காம செஞ்சா... செஞ்சாச்சு. அவ்வளவுதான்."

என்ன பாக்கிற? யாரா இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பாங்க. சம்மட்டிகூட வால்டரோடது, சும்மாதானே கெடந்துச்சு.

சிரிலும் அவரோட பழைய ரயில்வே சிநேகிதரும் சேந்து இடிச்சாங்க. இடிக்கிறதுக்கு முன்னாடி மேல ஒரு பெரிய ஓக் கட்டை குடுத்து முட்டுக்கால் வெச்சாங்க, அதுல குறை சொல்ல முடியாது. ஆனா பாரு, அந்தச் சுவத்துக்கு நேர் மேல என்ன இருக்கு தெரியுமா? என் கட்டில். அத நான் அப்ப யோசிக்கல. வீடெல்லாம் ஒரே சுண்ணாம்புத் தூசி, என் டீலகூட சுண்ணாம்பு. பரவால்ல. சாயங்காலம் வினி நாற்காலிய அவளே தள்ளிக்கிட்டு குளியலறைக்குப் போயி, கதவ அவளே சாத்திக்கிட்டா. உள்ளேர்ந்து பாட்டுச் சத்தம். சிரில் வெளில நின்னு கேட்டுட்டிருந்தாரு.

கொஞ்ச நாள் நிம்மதியா அனுபவிச்சோம்.

அப்புறம் டிண்டால் வந்தாரு. வருஷா வருஷம் வந்து வீட்டப் பாப்பாரு, அது அவரு உரிமை, முன்கூட்டியே சொல்லிட்டுத்தான் வருவாரு. சிரில் ஒரு பெரிய அலமாரிய நகர்த்தி மறைக்கப் பாத்தாரு. சுவர் இருந்த இடத்துல அலமாரி வெச்சா அது சுவராயிருமா? டிண்டால் உள்ள போனாரு. நானும் பின்னாடியே போனேன், வேடிக்கை பாக்க இல்ல, துணைக்கு. அவரு நின்னாரு. மேல பாத்தாரு. குடையால அந்தக் கட்டைய ரெண்டு தட்டு தட்டினாரு. வினிகிட்ட தொப்பிய எடுத்து வணக்கம் சொன்னாரு.  வெளில வந்துட்டாரு.

நான் விடல. "மேல வாங்க, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போகலாம்"னு கூப்பிட்டேன். எப்பவும் வரமாட்டாரு, அன்னிக்கு வந்தாரு. சிரிலும் பின்னாடியே வந்து இந்தா, நீ உக்காந்திருக்கிற இடத்துல உக்காந்து தொப்பிய முறுக்கிட்டிருக்காரு. ஹெர்ரிங் மீன் செஞ்சிருந்தேன். வினிகர், வெங்காயம், முழு மிளகு போட்டு அடுப்புல வேகவெச்சு ஆறவிடுவேன், நீயும் சாப்பிடுவ, பயப்படாத. டிண்டால் சாப்பிட்டாரு. நல்லாருக்குன்னாரு. அந்த வாய்லேர்ந்து அப்படி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதில்ல.  கரண்டி தட்டுல படுற சத்தம் மட்டும்தான் கேக்குது.

அப்ப திடீர்னு சொல்றாரு: "மிஸ்டர் பாஷ்பி, உங்க நில வாடகை."

உனக்குத் தெரிஞ்சிருக்காது, சொல்றேன். வருஷத்த மொத்தமா வாங்கிட்டாலும் நிலத்துக்குன்னு வாடகை ஒண்ணு உண்டு. சும்மா குடுத்தா அது ஒப்பந்தமாகாதாம், ஏதாவது ஒண்ணு வாங்கணுமாம். அவரு பாட்டன் எல்லாக் குத்தகைக்கும் சேத்து ரொம்பப் பெருந்தன்மையா எழுதி வெச்சுட்டாரு: வருஷத்துக்கு ஒரு மிளகு. சொந்தக்காரர் கேட்டா குடுக்கணும். கேக்கலன்னா வேணாம். எனக்கும் அதான், சிரிலுக்கும் அதான். யாரும் எப்பவும் கேட்டதில்ல.

"இந்த வருஷத்து வாடகைய இதுவரைக்கும் நான் கேக்கல. இப்ப கேக்கிறேன்"னாரு. மூஞ்சில சிரிப்பு இல்ல. ஆனா இப்ப யோசிச்சா, அந்த மனுஷன் ஒரு தமாஷ் பண்ணப் பாத்திருக்காரு தம்பி. நாங்க நடுங்கிட்டிருக்கிறதப் பாத்துட்டு, ஏதோ ஒண்ணு பேசணுமேன்னு. பழக்கமில்லாத ஆளு தமாஷ் பண்ணா அப்படித்தான் இருக்கும், கோர்ட்டு சம்மன் மாதிரி. சிரில் என் மீன் தட்டுலேர்ந்து ஒரு மிளக எடுத்து, கைக்குட்டைல தொடச்சு, குடுத்தாரு. டிண்டால் வாங்கி வாயில போட்டு மென்னாரு. "நன்றி"ன்னாரு. போயிட்டாரு.

நான் சிரில் முதுகுல ஒரு தட்டு தட்டினேன். "பாத்தியா, முடிஞ்சுது"ன்னேன்.

எங்க முடிஞ்சுது. அடுத்த வாரம் வக்கீல் நோட்டீஸ். அனுமதி இல்லாம சுவத்த இடிச்சது ஒப்பந்தத்த மீறினதாம், அதனால குத்தகை ரத்தாம், வீட்ட ஒப்படைக்கணுமாம். தொண்ணூத்தொம்பது வருஷத்துல மிச்சம் இருக்கிறது அத்தனையும் போச்சு. ஒரு சுவத்துக்கு. ஆயுசு பூரா வண்டிக்கு சிக்னல் காட்டிச் சேத்த காசுல வாங்கின வீடு. சட்டத்துல அதுக்கு இடம் இருக்கு தம்பி, நான் அதுவரைக்கும் நம்பல. வருஷத்த காசு குடுத்து வாங்கினவன்கூட, ஒரு விதிய மீறினா சொந்தக்காரன் திரும்ப எடுத்துக்கலாம்.

வினி அழல. அவ பீங்கான் கோப்பைய எல்லாம் பேப்பர்ல சுத்தி பெட்டில வைக்க ஆரம்பிச்சுட்டா. அதப் பாக்கத்தான் எனக்கு முடியல. கோட்ட மாட்டிக்கிட்டு நேரா டிண்டால் வீட்டுக்குப் போனேன். வாசல்லயே வெச்சு கேட்டேன். "உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா? நடக்க முடியாத பொம்பளைய எங்க போகச் சொல்றீங்க?"

கோவப்படல. "உள்ள வாங்க மிஸஸ் ஸ்கேஃப்"னாரு. நான் போகல. வாசல்லயே நின்னேன். அவரும் நின்னாரு. "அந்தச் சுவர் தாங்கிட்டிருந்தது உங்க தரைய. நாளைக்கு அது இறங்கினா நீங்க அவங்க மேல விழுவீங்க. வீட்டோட எலும்புக்கு நான்தான் பொறுப்பு. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. வக்கீல்கிட்ட கேட்டேன், இதான் வழின்னாரு. விதிய நான் எழுதல, ஆனா விதின்னா விதிதான்." கதவ மெதுவா சாத்தினாரு. அந்தக் கதவோட ரெண்டு பக்கமும் அவருது.

நான் திட்டிக்கிட்டே திரும்பி வந்தேன். என்ன திட்டினேன்னு உங்கிட்ட சொல்ல முடியாது, நீ வாத்தியார்.

சிரிலுக்கு ஒரு வக்கீலம்மா கெடச்சாங்க, மிஸ் கார்த்னு. சின்ன வயசு, மூக்கு எப்பவும் சளி பிடிச்ச மாதிரி இருக்கும். நானும் கூடப் போனேன், துணைக்கு. எல்லாத்தயும் கேட்டாங்க. சுவர் இடிச்சது நிஜமா? நிஜம். அனுமதி வாங்கலயா? இல்ல. அந்தம்மா மூக்க உறிஞ்சுட்டு, "கஷ்டம்தான்"னாங்க. அப்புறம் சும்மா கேக்கிற மாதிரி கேட்டாங்க: "சுவர் இல்லன்னு அவர் பாத்தப்புறம், உங்ககிட்டேர்ந்து ஏதாவது வாடகை வாங்கினாரா?"

சிரில் "இல்ல"ன்னாரு. "ஒரு மிளகு வாங்கினாரு, அவ்வளவுதான்"னாரு.

அந்தம்மா பேனாவ கீழ வெச்சுட்டாங்க.

விஷயம் என்னன்னா தம்பி, எனக்கு அவங்க சொன்ன மாதிரியே சொல்றேன். ஒப்பந்தத்த மீறிட்டான்னு தெரிஞ்ச உடனே சொந்தக்காரன் முடிவு பண்ணணும். ஒண்ணு, குத்தகை செத்துப்போச்சுன்னு சொல்லணும். இல்ல, உயிரோட இருக்குன்னு சொல்லணும். வாடகை கேட்டு வாங்கிட்டான்னா உயிரோட இருக்குன்னு சொன்னதா அர்த்தம். அப்புறம் அதே தப்புக்காக ரத்து பண்ண முடியாது. சுவர் இடிச்சது ஒரே தடவ நடந்த காரியம், அதனால அதோட முடிஞ்சுது. இதே கோழி வளத்திருந்தா வேற மாதிரியாம், கோழி தினமும் இருக்குமே, தினமும் புதுத் தப்பு. நல்லவேளை நாங்க கோழி வளக்கல.

"காசா இருந்தா என்ன, மிளகா இருந்தா என்ன, வாடகை வாடகைதான். ஆனா யாரு பாத்தா?"ன்னு கேட்டாங்க. நான் பாத்தேன்னேன். என்ன ஏற இறங்கப் பாத்தாங்க. மேல்வீட்டுக்காரி, சிநேகிதி, ரசீது கெடையாது, மிளகு அவரு வயித்துல. "அவர் இல்லன்னு சொல்லிட்டா?"ன்னாங்க.  கேக்கவே இல்லன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், வீடு அவருது. நான் அவரா இருந்தா சொல்லியிருப்பேன். மறந்து போச்சுன்னாவது சொல்லியிருப்பேன்.

கோர்ட்டுக்கு வினியும் வந்தா. நம்ம வீட்டு வாசல் படில நாலு பேர் நாற்காலியோட தூக்கி இறக்கினாங்க. நல்ல தொப்பி போட்டிருந்தா. நான் சாட்சி சொன்னேன். கொஞ்சம் நீளமா சொல்லிட்டேன் போல, ஜட்ஜ் ரெண்டு தடவ "போதும் மிஸஸ் ஸ்கேஃப்"னாரு. அப்புறம் டிண்டால சாட்சிக் கூண்டுல ஏத்தினாங்க. அவரோட வக்கீல் முந்திக்கிட்டு, "சாப்பாட்டு மேசைல என்ன பேசினோம்னு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறதில்ல, என் கட்சிக்காரருக்கும் வயசாச்சு"ன்னு ஒரு வழி எடுத்துக் குடுத்தாரு. அதப் பிடிச்சுக்கிட்டு இறங்கினாப் போதும்.

ஜட்ஜ் கேட்டாரு: "மிஸ்டர் டிண்டால், அந்த மிளக நீங்க வாடகைன்னு கேட்டீங்களா?"

டிண்டால் அவரு வக்கீலப் பாத்தாரு. அப்புறம் வினியப் பாத்தாரு. நான் கண்ண மூடிட்டேன்.

"கேட்டேன்"னாரு. "வாடகைன்னு சொல்லித்தான் கேட்டேன். குடுத்தாங்க. சாப்பிட்டேன்."

"சுவர் இல்லன்னு அப்ப உங்களுக்குத் தெரியுமா?"

"அப்பதான் பாத்துட்டு மேல போனேன்."

வக்கீல் உக்காந்துட்டாரு. நான் சொன்னேன்ல, ஒரு விதி விடமாட்டாரு, ஒரு வரி மாத்தமாட்டாருன்னு. அதுக்காக எத்தன வருஷம் அந்த ஆள சபிச்சிருக்கேன். அந்தக் குணம்தான் அன்னிக்கு அங்க ஏறி நின்னு, தன் கேஸ தானே தோக்கடிச்சுச்சு. ஜட்ஜ் குத்தகை செல்லும்னு சொல்லிட்டாரு. டிண்டால் ஒண்ணே ஒண்ணு கேட்டாரு: "அந்தக் கட்டைய இன்ஜினியர் ஒருத்தர் வந்து பாக்கணும், அது மட்டும் நடக்கணும்." பாத்தாங்க. சுவத்தவிட கட்டை நல்லாத் தாங்குதாம். நான் அதே கட்டில்லதான் தூங்கறேன்.

கதை அதோட முடிஞ்சிருந்தா பரவால்ல. அடுத்த வாரம் ஆளு குடையோட கீழ்வீட்டு வாசல்ல நிக்கிறாரு. நான் படில நின்னு கேட்டுட்டிருந்தேன். படி அவருதுன்னாலும் எல்லாருக்கும் பொதுவானது, நிக்கலாம். "மிஸ்டர் பாஷ்பி, ஒண்ணு கேக்கணும். ஏன் எங்கிட்ட கேக்கல? கேட்டிருந்தா இன்ஜினியர நானே கூட்டிட்டு வந்திருப்பேன். சரின்னு சொல்லியிருப்பேன்"னாரு.

சிரில் நல்ல மனுஷன். பேர் எதுவும் சொல்லல. "பயமா இருந்துச்சு சார்"னாரு, அவ்வளவுதான். வினிதான் நிமிந்து, படில நின்ன என்னப் பாத்தா. பாத்துட்டுப் போகட்டும்.

அப்புறம் வினி அவர்கிட்ட கேட்டா. அப்படியே சாதாரணமா, டீக்கு சர்க்கரை வேணுமான்னு கேக்கிற மாதிரி: "மிஸ்டர் டிண்டால், வெளிவாசல் படி யாருது?"

"என்னுது"ன்னாரு.

"அதுல ஒரு சரிவுப் பலகை போட முடியுமா? நான் வெளில போயி ரொம்ப நாளாச்சு."

அவரு படியப் பாத்தாரு. குடையால அளந்தாரு. அந்த வாரமே ஆள் வந்து காரை போட்டு சரிவு கட்டிட்டுப் போனாங்க, கைப்பிடியோட. நீ ஏறி வந்தியே, அதான். சிரில் அவளத் தள்ளிட்டு கடலோரம் வரைக்கும் போனாரு. நானும் போனேன். மேட்டுலேர்ந்து கடற்கரைக்கு இறக்கிவிடுற கிளிஃப் லிப்ட்ல மூணு பேரும் இறங்கினோம். வினிக்கு மீன் வறுவல் வாங்கிக் குடுத்தோம், பாதிய கடல்காக்கா தூக்கிட்டுப் போச்சு. அவ அத பாத்துட்டு ரொம்ப நேரம் சிரிச்சா. இப்ப தினமும் போறா. காலைல நீ கதவத் திறந்தா, அவ பாட்டுச் சத்தம் கேக்கும். சகிச்சுக்கணும்.

டீ ஆறிப்போச்சா? இன்னொண்ணு போடறேன். இரு, இரு. அது யாரு கீழ... திரைய விலக்காத. அவருதான். மழைநீர்க் குழாயப் பாக்க வர்றேன்னு சொல்லியிருந்தாரு, மறந்தே போச்சு.

தம்பி, ஒரு விஷயம். யாராவது கேட்டா, நீ என் தங்கச்சி பையன். லீட்ஸ்லேர்ந்து சும்மா பாக்க வந்திருக்க. என்ன முழிக்கிற? கூட ஆள் தங்க வைக்கணும்னா அவர்கிட்ட எழுதிக் கேக்கணும்னு ஒரு விதி இருக்கு. கேக்கல. கேக்கலாம்னுதான் இருந்தேன். கேட்டு, அவரு இல்லன்னு சொல்லிட்டா? விளம்பரம் ஒட்டியாச்சு, ரூமுக்கு புதுத் திரை போட்டாச்சு, நீயும் வந்தாச்சு. அந்தப் பெட்டிய கட்டிலுக்கு அடில தள்ளு. எங்க எந்திரிக்கிற? உக்காரு. கேக் மிச்சம் இருக்கு பாரு. தம்பி, கதவத் திறக்காத. மெதுவா, மெதுவா, படில சத்தம் வரும்...

போயிட்டான்.

நேரா அவர்கிட்டயே போறான். கைய வேற குடுக்கறான். தொப்பிய எடுக்கிறாரு. என்னமோ கேக்கறான், இந்த ஜன்னலக் காட்டறான். ஐயோ, என்னக் காட்டறான். டிண்டால் நிமிந்து பாக்கிறாரு... ம். தலைய ஆட்டறாரு. சரிங்கற ஆட்டு மாதிரிதான் இருக்கு. பையன் மேல வரல, குழாயப் பிடிச்சு அவருக்குக் காட்டிட்டு நிக்கிறான். ரெண்டு பேரும் சேந்து மேல பாக்கிறாங்க.

வினி, ஏய் வினி, கீழ கேக்குதா? அவரு ஆமான்னு சொன்னாரா, இல்லன்னு சொன்னாரா?